ஏற்றத்தின் நுனியில் ஒரு கவண்

பள்ளி ஆய்வகத்துக்கென்று விற்கிற ட்ரெபுஷே மாதிரிப் பெட்டியைப் பிரித்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முக்கோணமாக நிற்கும் இரண்டு மரச்சட்டங்கள், அவற்றின் குறுக்கே செருக ஓர் இரும்புக் கம்பி, அரை மீட்டர் நீளத்தில் ஒரு மரக்கோல், மணலோ கல்லோ நிரப்பிக்கொள்ள ஒரு சின்னத் தொட்டி, கொஞ்சம் நூல், ஒரு துண்டுத் துணி, வளைக்கக்கூடிய ஓர் ஆணி. அவ்வளவுதான். ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை, பேட்டரி இல்லை. இதன் பெரிய வடிவம்தான் எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கோட்டைச் சுவர்களை இடித்தது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் ஒருமுறை பெட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்க்கும், ஏதாவது விட்டுப்போய்விட்டதா என்று.

எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு பக்கம் பாரம் விழுகிறது, மறுபக்கம் உண்டை பறக்கிறது. இது சீசா பலகையின் வேலைதானே என்று தோன்றும். சீசாவாக மட்டும் இருந்தால் உண்டை நான்கு மீட்டரோடு நின்றுவிடும் என்பதையும், அந்த ஒரு துண்டுத் துணியும் நூலும் சேர்ந்தால் அது ஏன் பதினைந்து மீட்டரைத் தாண்டுகிறது என்பதையும் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர் போகிறவர்கள் இரண்டு பக்கமும் கரிசலைப் பார்ப்பார்கள். மேற்கே மலை தெரியும். பருத்தியும் மக்காச்சோளமும் கிணறும் உள்ள சீமை. இந்தப் பெட்டியைப் பேரையூரில் பிரிப்பதில் ஒரு வசதி உண்டு: இதற்குள் ஒளிந்திருக்கும் இரண்டு கருவிகளும் இந்த மாவட்டத்துப் பழைய ஆட்களுக்குத் தெரிந்தவை. ஒன்று ஏற்றம். இன்னொன்று கவண்.

ஏற்றத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடலாம். நட்ட கம்பத்தின் மேல் நீளமான மரம் ஒன்று இரண்டு பக்கமும் ஏறி இறங்கும்படி படுத்திருக்கும். ஒரு நுனியிலிருந்து கழியோ கயிறோ கிணற்றுக்குள் தொங்கும், அதன் அடியில் சால். மேலே ஏறிய ஆள் மரத்தின் மீதே முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் தண்ணீருக்குள் இறங்கும், திரும்பி நடந்தால் நிறைந்து மேலே வரும். கீழே நிற்பவர் அதைச் சாய்த்து வாய்க்காலில் விடுவார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இதே கருவிக்குத் துலா என்று பெயர். ஆழம் குறைந்த கிணறுகளுக்கு இது பொருந்தும். ஆழக் கிணறு என்றால் மாடு கட்டிய கமலைதான். அங்கேயும் மாடுகள் இறக்கத்தில் நடக்கும், ஓட்டுகிற ஆள் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். இரண்டிலும் தண்ணீரைத் தூக்குவதில் உடம்பின் எடைக்குப் பங்கு உண்டு. தசை செய்யும் வேலை, அந்த எடையை மறுபடி மேட்டுக்குக் கொண்டுபோவது.

கவண் இன்னும் எளியது. சோளக்காட்டில் பரண்மேல் நின்று குருவி விரட்டுகிறவர் கையில் இருக்கும் கயிறு. நடுவில் கல் வைக்க அகலமான பின்னல், ஒரு முனையில் விரலை நுழைக்க வளையம், மறுமுனை சும்மா உள்ளங்கையில் பிடிக்க. தலைக்கு மேல் சுற்றி, சரியான கணத்தில் சும்மா பிடித்திருந்த முனையை விட்டால் கல் போய்விடும், கயிறு விரலோடு தங்கிவிடும்.

இப்போது ஏற்றத்தின் நீண்ட நுனியில் சாலுக்குப் பதிலாக இந்தக் கவணைக் கட்டுங்கள். வளையம் இருந்த முனையை மரத்தோடு முடிந்துவிடுங்கள். கை விடவேண்டிய முனையில் ஒரு வளையம் போட்டு, மரத்தின் நுனியில் அடித்த ஆணியில் மாட்டுங்கள். ஆள் நடந்த இடத்தில் பெரும் பாரத்தைத் தொங்கவிடுங்கள். ட்ரெபுஷே தயார். மாதிரிப் பெட்டியில் வருவது இதைத் தவிர வேறொன்றுமில்லை.

நம் ஆட்கள் இந்த இரண்டையும் சேர்த்தார்களா என்று உடனே கேட்கத் தோன்றும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரைக் கோட்டையைக் கடக்கும் இடத்தில் மதில்மேல் இருந்த பொறிகளின் நீண்ட பட்டியல் வருகிறது. கல்லை உமிழும் கவண், கல் நிரப்பிய கூடை, கொதிக்கும் எண்ணெய், விலங்கு வடிவப் பொறிகள் என்று போகும் பட்டியல் அது. கவண் மதிலில் பொருத்தப்பட்ட பொறியாக அங்கே இருக்கிறது, ஆனால் அதன் உள்ளமைப்பைக் காப்பியம் விவரிப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு உலகுக்கே ட்ரெபுஷே கொடுத்தவர்கள் நாம்தான் என்று மேடை ஏறுவது எனக்கு உவப்பில்லாத வேலை. காப்பியத்தின் கவண் தன்னளவிலேயே போதுமான வியப்பு.

வரலாற்றில் தெளிவாகத் தெரிகிற வரிசை வேறு. ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கும் எறிபொறி சீனத்தில் பழையது. கோலின் குட்டைப் பக்கத்தில் கொத்தாகக் கயிறு கட்டி, பலர் ஒரே மூச்சில் இழுப்பார்கள். ஆட்களுக்குப் பதில் பாரத்தைத் தொங்கவிடும் யோசனை 12ஆம் நூற்றாண்டில் துலங்குகிறது. சலாவுதீனுக்காக 1187 வாக்கில் அல்-தர்சூசி எழுதிய போர்க்கருவி நூலில் எதிர்ப்பாரம் கட்டிய பொறியின் விவரிப்பு இருக்கிறது. அடுத்த நூறு வருஷத்தில் அது நாலா திசையும் போயிற்று. மேற்காசியாவிலிருந்து சென்ற பொறியாளர்கள் செய்துகொடுத்த பொறிகளால் மங்கோலியர் 1273இல் சீனத்தின் சியாங்யாங் நகரைப் பிடித்தார்கள். 1304இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையில் இன்னும் வேடிக்கை. முற்றுகையில் இருந்தவர்கள் சரணடைய முன்வந்தும், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் தம் புதிய ராட்சதப் பொறி எறிவதைப் பார்க்காமல் சரணாகதியை ஏற்க மறுத்துவிட்டார். 'போர் ஓநாய்' என்று அதற்குப் பெயர். புது வண்டி வாங்கியவரின் அவசரம்.

தக்காணத்துக்கும் அது வந்தது. 1310இல் மாலிக் கபூர் வாரங்கல்லை முற்றுகையிட்டபோது இரு தரப்பிலும் கல்லெறி பொறிகள் இயங்கியதை அமீர் குஸ்ரோ எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம், 1311இல், அதே படை மதுரைக்கு வந்தது. பாண்டியர் ஊரைக் காலிசெய்துவிட்டிருந்ததால் இங்கே மதிலை இடிக்கும் வேலை வரவில்லை. பிற்காலத்து மதுரைக் கோட்டை மதில் கடைசியில் இடிந்தது எந்தப் படையாலும் அல்ல, நகரை விரிவாக்க நினைத்த கலெக்டர் பிளாக்பர்னால், 1840களில். இன்றைய வெளி வீதிகள் அந்த மதிலும் அகழியும் இருந்த இடத்தில் போகின்றன.

வரலாறு போதும். கணக்குக்கு வருவோம். அதில்தான் சுவை.

ஒரு சாதாரண வகுப்பறை மாதிரியை எடுத்துக்கொள்வோம். அச்சுக் கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கோலின் குட்டைப் பக்கம் 10 சென்டிமீட்டர், நீண்ட பக்கம் 40. குட்டைப் பக்கத்தில் 1 கிலோ மணல். நீண்ட பக்கத்தில் 10 கிராம் களிமண் உண்டை. நுனியைத் தரைவரை இழுத்துக் கட்டினால் மணல் தொட்டி மேலே போகும். விட்டால் அது மொத்தம் 15 சென்டிமீட்டர் இறங்கும்.

அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றல், பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு: ஒரு கிலோ, பெருக்கல் 9.8, பெருக்கல் 0.15. ஏறத்தாழ ஒன்றரை ஜூல். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு சாணுக்கும் குறைவாகத் தூக்கும் உழைப்பு. எதற்கும் காணாத அளவு. ஆனால் அத்தனையும் அந்த 10 கிராம் உண்டைக்குள் போய்விட்டால் அதன் வேகம் விநாடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல். 45 பாகை கோணத்தில் புறப்பட்டால் 30 மீட்டர் போய் விழும். வகுப்பறையை அல்ல, பள்ளிக்கூடக் கட்டடத்தையே தாண்டும்.

'அத்தனையும் போய்விட்டால்' என்பதில்தான் சிக்கல். கவண் இல்லாமல், கோலின் நுனியில் ஒரு கிண்ணம் ஒட்டி உண்டையை அதில் வைத்தோம் என்று கொள்வோம். பாரமும் உண்டையும் ஒரே கோலில் இறுகியிருக்கின்றன. பாரம் ஒரு மடங்கு வேகத்தில் போனால் உண்டை நான்கு மடங்கு வேகத்தில் போயாக வேண்டும், வேறு வழியில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே உண்டையின் 10 கிராம் நான்கின் வர்க்கமான பதினாறால் பெருகி 160 கிராம் போல நடந்துகொள்ளும். எதிரே பாரத்தின் 1000 கிராம். இந்த 1160இல் உண்டையின் பங்கு 160, நூற்றுக்குப் பதினாலு. மீதி எண்பத்தாறும் பாரத்தோடேயே தங்கி, அது அடியில் போய்ச் சட்டத்தில் இடிக்கும்போது சத்தமாகவும் அதிர்ச்சியாகவும் வீணாகிறது. முப்பது மீட்டர் நான்கு மீட்டராகச் சுருங்குவது இப்படித்தான்.

கோலை நீட்டினால் என்ன? நீண்ட பக்கத்தைக் குட்டைப் பக்கத்தின் பத்து மடங்காக்கினால் பங்கு பாதியாக உயரும், காகிதத்தில். ஆனால் ஒரு மீட்டர் நீளக் கோலுக்கே எடை வந்துவிடும், பாரம் உண்டையை விட்டுவிட்டுக் கோலைச் சுழற்றத் தொடங்கும். நுனி தரையில் இடிக்காமலிருக்க அச்சையும் உயர்த்தவேண்டும். எடையே இல்லாத, வேண்டும்போது மடங்கி, வேண்டும்போது நிமிர்கிற ஒரு கோல் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

அந்தக் கோல்தான் நூல்.

கவண் கட்டிய பொறி எறிவதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு எட்டாது, செல்போனின் ஸ்லோ மோஷன் தேவை. தொடக்கத்தில் உண்டை தரையில், கோலுக்கு அடியில் கிடக்கிறது. பாரம் இறங்கத் தொடங்கியதும் உண்டை முன்னிருந்து பின்னாக மெல்ல இழுபடுகிறது. இந்த நேரத்தில் அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. பாரமும் கோலும் தாராளமாக வேகம் பிடிக்கின்றன. பிறகு உண்டை தரையை விட்டு எழுந்து, கோலின் நுனியைச் சுற்றித் தானும் ஒரு வட்டம் போடுகிறது. நூல் விறைக்கிறது. வெளியே ஓடப் பார்க்கும் உண்டை நூல் வழியாகக் கோலின் நுனியைப் பின்னுக்கு இழுக்கிறது. கோல் தளர்கிறது. கோல் தளர்ந்தால் அதோடு பிணைந்த பாரமும் தளர்ந்தாக வேண்டும். பாரம் இழக்கிற வேகத்துக்குரிய ஆற்றல் போக ஒரே இடம்தான் உண்டு. நன்றாகச் சரிசெய்த பொறியில், கோல் நிமிர்ந்து நிற்கும் கணத்தில் மணல் தொட்டி அடியில் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. உண்டை மட்டும் உச்ச வேகத்தில் தலைக்கு மேலே கடக்கிறது. அந்தக் கணத்தில் வளையம் ஆணியிலிருந்து நழுவுகிறது.

எறிகிற பொறியில் எறியும் பாகம் எது என்று கேட்டால் எல்லோரும் விழும் பாரத்தைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் நிற்கும் பாரத்தைக் காட்டுவேன். பாரம் முழுவேகத்தில் அடியில் போய் மோதினால், ஆற்றலை அது கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டது என்று பொருள். வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொடுக்கக்கூடிய நல்ல சோதனை இதுதான்: உண்டை எங்கே விழுந்தது என்று ஓடுவதற்கு முன், தொட்டி எப்படி நின்றது என்று பாருங்கள். சட்டம் குலுங்கி மேசையை விட்டு எகிறினால் நூலின் நீளம் சரியில்லை. பொறி சாதுவாக நின்றால் உண்டை தூரத்தில் கிடக்கும். இப்படிச் சரிசெய்த மாதிரிகளில் பாதி ஆற்றலுக்கு மேல் உண்டைக்குப் போய்ச் சேருவது சாதாரணம்.

பூட்டும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில. நூல் நீளத்தைக் கோலின் நீண்ட பக்க அளவிலிருந்து தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது நல்லது. ஆணியின் வளைவு உண்டை எப்போது கிளம்புகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. கோலோடு நேராக நீண்ட ஆணியில் வளையம் சீக்கிரம் கழன்றுவிடும், உண்டை வானத்துக்குப் போகும், சிலசமயம் பின்னாலேயே வந்து விழும். ஆணியை முன்புறமாக வளைக்க வளைக்க விடுபடுவது தாமதமாகும், பாதை தாழும். அதிகம் வளைத்தால் எதிரே தரையில் குத்தும். ஆகவே பிள்ளைகளை முன்னால் நிற்கவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பின்னால் நிறுத்திவைப்பது பெரிய தப்பு. பக்கவாட்டில், தள்ளி நிறுத்தவேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டு.

உண்டைக்கு இரும்புக் குண்டு வேண்டாம். கோலிக்குண்டும் வேண்டாம், கண்ணாடி. காயவைத்த களிமண் உண்டை போதும். வெறும் கரிசல் மண் காயும்போது சுருங்கி வெடிக்கிற சுபாவம் உள்ளது, கோடைக் காட்டில் விழும் வெடிப்புகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மணல் கலந்து பிசைய வேண்டும். டேபிள் டென்னிஸ் பந்தை வைத்தும் ஒருமுறை எறிந்து பார்க்கலாம். 2.7 கிராம்தான், அதனால் நாலு மடங்கு தூரம் போகும் என்று கணக்குச் சொல்லும். காற்று அதற்குச் சம்மதிக்காது. கணக்கும் மைதானமும் எங்கே பிரிகின்றன என்பதைக் காட்ட அதைவிட மலிவான பாடம் இல்லை.

அச்சுக் கம்பி தேய்ந்திருந்தால் சைக்கிள் கடையில் ஒரு நல்ல ஸ்போக் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பெட்டியே வாங்க முடியாவிட்டால் ஊர் ஆசாரியிடம் சட்டம் மட்டும் அடித்து வாங்கினாலும் ஆகும். தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் கையால் செய்து அறிவியல் படிக்க என்றே வந்தது. அதற்குப் பொருத்தமான சரக்கு இது. பத்தாம் வகுப்பில் திருப்புத்திறனும் பதினொன்றில் எறிபொருள் இயக்கமும் படிக்கும்போது அதே பொறியை மறுபடி எடுத்துவைக்கலாம், இந்தமுறை அளவுகோலோடு.

சக்கரம் வைத்த மாதிரியும் வரும். எளிதாக நகர்த்துவதற்கு என்று நினைத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திவிடுவார்கள். கட்டையை எடுத்துவிட்டு எறியுங்கள். பாரம் வளைவாகச் சுற்ற வேண்டிய இடத்தில் சட்டம் முன்னும் பின்னும் நகர்ந்துகொடுக்க, பாரம் கிட்டத்தட்ட நேர்கோட்டில் விழும், உண்டை இன்னும் தூரம் போகும். பால் செவெடனும் உடன் மூவரும் 1995இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை, மத்தியகாலப் பொறிகளை முன்வைத்து இந்தச் சக்கரத்தின் பயனைப் பேசியது. இங்கிலாந்தின் வாரிக் கோட்டையில் 2005இல் கட்டிய 18 மீட்டர் உயர, 22 டன் எடைப் பொறியும் நம் மேசைமேல் உள்ள பொறியும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை.

அந்தக் கணக்கில் இன்னொன்று இருக்கிறது. மேலே 30 மீட்டர் என்று வந்ததே, அதைச் சுருக்கி எழுதினால் இப்படி ஆகும்: அதிகபட்ச தூரம் = 2 × (பாரத்தின் நிறை ÷ உண்டையின் நிறை) × பாரம் இறங்கும் உயரம். இரண்டு, பெருக்கல் நூறு, பெருக்கல் 0.15. முப்பது. ஒரு பெயர் இதில் காணவில்லை. இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்த புவியீர்ப்பு, 9.8 என்ற எண், சூத்திரத்திலேயே இல்லை. பாரத்துக்கு ஆற்றல் தந்தபோது மேலே பெருக்கலாக வந்தது, உண்டையைக் கீழே இழுத்தபோது வகுத்தலாக வந்தது, ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஆகவே இதே பொறியை நிலவில் வைத்தால்? அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. கவட்டையின் ரப்பருக்கு அது ஒரு பொருட்டல்ல, இங்கே கொடுத்த வேகத்தையே அங்கேயும் கொடுக்கும், கல் ஆறு மடங்கு தூரம் போகும். ட்ரெபுஷே அப்படியில்லை. உண்டையை இழுக்கும் ஈர்ப்பு குறைந்த அதே அளவில் பாரத்தை விழவைக்கும் ஈர்ப்பும் குறைகிறது. பேரையூர் மைதானத்தில் 15 மீட்டர் எறிந்தால் நிலவிலும் 15 மீட்டர்தான், காற்று இல்லாததால் கொஞ்சம் கூடலாம். உச்சி உயரமும் அதேதான், நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோல் சுழலும் பாதை, நூல் விறைக்கும் இடம், வளையம் நழுவும் கோணம் எதிலும் மாற்றமில்லை. மாறுவது நேரம் மட்டும், ஆறின் வர்க்கமூலம், ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இங்கே ஒன்றேமுக்கால் விநாடியில் விழும் உண்டை அங்கே நான்கு விநாடிக்கு மேல் மிதந்துபோய் விழும்.

வகுப்பில் எடுத்த செல்போன் வீடியோவை 0.4 வேகத்தில் ஓட்டுங்கள். திரையில் ஓடுவது நிலவில் எறிந்த எறி.